சாயங்காலத்துக்குப் பொறுப்பானவர்

எங்கள் ஊரில் சாயங்காலத்தைத் தொடங்கி வைக்கும் அதிகாரம் ஒரே ஒருவரிடம் இருந்தது. ஊராட்சியில் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றி, தெருக் குழாயில் திறந்துவிடுகிறவர். தண்ணிக்கார அண்ணன் என்போம். தெருவிளக்கைப் போடுவதும் அணைப்பதும் அந்த வேலையோடு ஒட்டிக்கொண்டு வந்த உபரி வேலை. அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். அந்த வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று ஒருமுறை தலைவர் கேட்டபோது மட்டும் பதறிப்போனார். தண்ணீர் திறந்துவிடுகிறவனை நாலு பேர் திட்டுவார்கள். விளக்குப் போடுகிறவனுக்கு ஊரே வழிவிடும்.

ராசிபுரம் பக்கம், 1980-களின் தொடக்கம். அப்போது நாங்கள் சேலம் மாவட்டம்; நாமக்கல் 1997-ல்தான் தனி மாவட்டமானது. மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் ஒரு கம்பத்தில், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே, தகரப் பெட்டி ஒன்று தொங்கும். கதவு கழன்று எந்த வீட்டுக் கோழிக்கூண்டுக்கோ போய்விட்டது. உள்ளே கைப்பிடி வைத்த மெயின் சுவிட்ச், பீங்கான் பீஸ் கட்டைகள், வாழையடி வாழையாகக் குடியிருக்கும் ஒரு பல்லிக் குடும்பம். அண்ணன் எதையும் கையால் தொடமாட்டார். சைக்கிள் கேரியரில் ஒரு வேப்பங்கம்பு இருக்கும். ரப்பர் செருப்பை அழுத்தி ஊன்றி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, கம்பால் கைப்பிடியை மேலே ஒரு தள்ளு. டக். முதல் கம்பத்து டியூப் லைட் இரண்டு சிமிட்டலில் எரியும். இரண்டாவது கொஞ்சம் யோசிக்கும். பால் சொசைட்டி முன்னால் இருப்பதற்கு ஸ்டார்ட்டர் சரியில்லை. யாராவது கல்லால் கம்பத்தில் தட்ட வேண்டும். கடைசிக் கம்பம் எரியவும் எரியாது, அணையவும் அணையாது, விடிய விடிய சிமிட்டிக்கொண்டே கிடக்கும்.

அண்ணன் கடிகாரம் கட்டியதில்லை. கிழக்கே கொல்லிமலை. வெயில் தாழும்போது மலை நீலமாக இருக்கும். பிறகு சாம்பல் நிறம். அப்புறம் மரமும் பாறையும் தெரியாமல் ஒரே கறுப்பாகிவிடும். "மலை கறுத்திருச்சுன்னா லைட்டுப் போட்டரலாம்" என்பது அவர் விதி. மழை மூட்டத்தில் மலையே தெரியாத நாளில் நாலரை மணிக்கே விளக்கு எரிந்ததும் உண்டு. அதை ஊர் குறையாகச் சொன்னதில்லை. மாட்டைப் பிடித்துக் கட்டினார்கள்.

ஏனென்றால் விளக்கைப் பார்த்துத்தான் நேரம். தெருவிளக்கு எரிந்தால் பையன்கள் வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் பொதுவான சட்டம். கோயில் மைதானத்தில் கிரிக்கெட் ஆடும் எங்களுக்கு ஆட்டத்தை முடிப்பது அம்பயர் அல்ல, தண்ணிக்கார அண்ணன். அவர் சைக்கிள் தெரு முனையில் தலைகாட்டியதும் பந்து வீசுகிறவன் கையிலேயே பந்து நிற்கும். மொத்த அணியும் ஓடும்.

"அண்ணா, ஒரே ஓவருங்கண்ணா!"

"மலை கறுத்திருச்சு பாருடா."

"அது மேகமுங்கண்ணா."

"உங்கொப்பன் வந்து கேட்டா என்ன சொல்றது?"

"பீஸ் போயிருச்சுன்னு சொல்லிருங்கண்ணா."

அவர் வேப்பங்கம்பை மடியில் வைத்துக்கொண்டு கோயில் திண்ணையில் உட்காருவார். அந்த ஒரு ஓவர் மூன்று ஓவராகும். அவருடைய அக்கா மகன் பேட்டிங் செய்தால் ஊரில் அன்றைக்குச் சாயங்காலமே வராது. அவன் அவுட் ஆன மறு நொடியில் டக். இதில் அநியாயம் உண்டுதான். ஆனால் யாரிடம் போய்க் கெஞ்ச வேண்டும் என்பது தெரிந்த அநியாயம்.

மற்ற சலுகைகளும் இருந்தன. மாரியம்மன் பண்டிகையின்போது விளக்கு விடிந்தும் எரியும். சாவு வீட்டுத் தெருவில் காலை ஏழு மணி வரை அணைக்கமாட்டார். பத்தாம் வகுப்புப் பரீட்சை நேரத்தில் குடிசைப் பையன்கள் கம்பத்தடியில் சாக்கை விரித்துப் படித்தால் காலையில் அவர்கள் எழுந்து போகும்வரை காத்திருப்பார். தெருவிளக்கில் படித்து சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியானவர் முத்துசாமி ஐயர் என்று எங்கள் வாத்தியார் வருஷத்துக்கு நாலு தடவை சொல்வார். அந்தக் கதையில் விளக்கைப் போட்டு அணைத்தவர் யார் என்று அவர் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

அந்தக் குடிசைகளில் மின்சாரமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. அரசாங்கத்தின் ஒரு விளக்குத் திட்டத்தில் ஆளுக்கு ஒரு குண்டு பல்பு வந்திருந்தது. ஒற்றைப் பல்பு அடுப்படிக்கா, படிப்புக்கா என்று வந்தால் அடுப்படிதானே ஜெயிக்கும்.

வீட்டுக்குள் நேரத்தை நடத்தியவர் அம்மாயி. மாடக்குழியில் அகல் ஏற்றிய பிறகுதான் சுவிட்சைத் தொடலாம். விளக்கு வைத்த பிறகு வீடு கூட்டக் கூடாது, தலை சீவக் கூடாது, உப்பும் ஊசியும் தயிரும் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கக் கூடாது, படுத்துக் கிடக்கக் கூடாது. கரண்ட் லைட் வந்த பிறகும் அம்மாயிக்கு அது விளக்காகப்படவில்லை, வெளிச்சம், அவ்வளவுதான். இரவில் அணைக்கும் பொறுப்பு அப்பாவுக்கு. ஒன்பதரைக்கு ஒரு இருமல், பத்து மணிக்கு இரண்டாவது இருமல். இரண்டாவது இருமலுக்கும் இருட்டுக்கும் இடையில் புத்தகத்தை மூட நேரம் இருக்காது. அதற்கப்புறம் எரிவது ஜீரோ வாட் பல்பு ஒன்றுதான். அது செலவே இல்லாமல் எரிகிறது என்று அப்பா கடைசிவரை நம்பினார். உண்மையில் அந்தப் பல்பு 12 முதல் 15 வாட் வரை இழுக்கும். இவ்வளவு சிறிய ஓட்டத்துக்குப் பழைய மீட்டரின் சக்கரம் அசையாது, அதனால் பெயர் ஜீரோ. மின்வாரியமும் அப்பாவும் ஒருவரை ஒருவர் ஏமாற்றியதாக நினைத்துக்கொண்டு சந்தோஷமாக இருந்த காலம் அது.

நான் வேலைக்குக் கோயம்புத்தூர் வந்துவிட்டேன். ஊரில் அண்ணன் ஓய்வு பெறும் சமயத்தில் அவர் இடத்துக்கு ஒரு டைமர் வந்தது. புதுத் தகரப் பெட்டி, பூட்டு, சாவி, மேலே சந்தனம் குங்குமம். தலைவர் தேங்காய் உடைத்தார். உள்ளே ஒரு வட்டத் தட்டு, அதைச் சுற்றி 96 பற்கள். ஒரு பல்லுக்குக் கால் மணி நேரம். இரவுப் பற்களை ஒரு பக்கம் தள்ளி வைத்தால் அந்த நேரமெல்லாம் விளக்கு எரியும். தட்டைச் சுற்றுவது ஒரு சின்ன மோட்டார். லைனில் வரும் 50 சைக்கிள் கரண்டின் தாளத்துக்கு ஏற்ப அது ஓடும். ஒரு நாளைக்குச் சரியாக ஒரு சுற்று. காண்ட்ராக்டரின் பையன் வந்து சாயங்காலம் ஆறு முதல் காலை ஆறு வரை பற்களைத் தள்ளிவிட்டு, பெட்டியைப் பூட்டி, சாவியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஆறு முதல் ஆறு என்பது கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! ஆனால் ஆடி மாதத்தில் எங்கள் பக்கம் சூரியன் மறைய ஆறே முக்கால் ஆகிவிடும். முக்கால் மணி நேரம் தெருவிளக்கு வெயிலுக்கு வெளிச்சம் காட்டியது. தை மாதத்தில் சூரியன் ஆறரை மணிக்கு மேல்தான் எழுந்திருக்கும். மார்கழியும் ஏறக்குறைய அப்படியே. பெண்கள் வாசல் தெளித்துப் பெரிய கோலமாகப் போட்டு, பூசணிப்பூ வைக்கப்போகும் நேரத்தில், மணி ஆறு, டக். கோலத்தின் மிச்சத்தைக் கைக்கணக்கில் போட்டார்கள். இந்தியக் கடிகாரம் 82½ பாகை தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. எங்கள் ஊர் இருப்பது 78-ஐ ஒட்டி. ஆக, கடிகாரத்துக்கும் எங்கள் சூரியனுக்கும் நடுவில் கால் மணி நேரத்துக்கு மேல் நிரந்தரத் தகராறு. வருஷத்திலேயே மிகச் சின்னப் பகல் டிசம்பர் 21, 22 வாக்கில். ஆனால் சூரியன் சீக்கிரமாக மறைவது அன்றைக்கு அல்ல, நவம்பர் பிற்பாதியில். மிகத் தாமதமாக உதிப்பது ஜனவரி கடைசியில். இதையெல்லாம் 96 பற்களில் அடக்குவது யார்? அண்ணனிடம் கேட்டிருந்தால், "மலையைப் பாத்தாப் போதாதுங்களா?" என்றிருப்பார்.

இது சின்னச் சங்கடம். பெரியது 2008-க்கு மேல் வந்தது. தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு, 2012-ல் உச்சம். சென்னைக்கு ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் என்று அறிவித்தபோது சென்னைக்காரர்கள் வருந்தினார்கள். வெளியூர்களில் பத்து மணி நேரத்துக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. அதில் டைமருக்கு என்ன என்கிறீர்களா? எங்கள் ஊர் டைமருக்கு உள்ளே பாட்டரி கிடையாது. கரண்ட் போனால் விளக்கு மட்டுமல்ல, அதன் நேரமும் நின்றுவிடும். கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து, ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும்.

எட்டு மணி நேர வெட்டு என்றே வைத்துக்கொள்வோம். முதல் நாள் முடிவில் டைமர் எட்டு மணி நேரம் பின்தங்கிவிடும். ஊருக்கு நள்ளிரவு தாண்டி இரண்டு மணி ஆகும்போது அதற்குச் சாயங்காலம் ஆறு. அப்போது விளக்கைப் போட்டு மறுநாள் மத்தியானம் இரண்டு மணிவரை காவல் காக்கும். இரண்டாம் நாள் பதினாறு மணி நேரம் பாக்கி. காலை பத்து மணிக்கு, பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது, தெரு ஜெகஜ்ஜோதி. மூன்றாம் நாள் பாக்கி இருபத்து நாலு மணி நேரம், அதாவது பாக்கியே இல்லை! ஆறு மணிக்குச் சரியாக எரியும், அந்த நேரத்தில் கரண்ட் இருந்தால். மூன்று நாளைக்கு ஒருமுறை சாயங்காலம் வரும் ஊர் தமிழ்நாட்டில் எங்களுடையது மட்டுமல்ல. பட்டப்பகலில் எரியும் தெருவிளக்குகள் என்று அந்நாளில் பத்திரிகைகளில் படம் வராத வாரம் அபூர்வம். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வந்த பெட்டி, மின்சாரம் இல்லாத காரணத்தால், மின்சாரத்தைப் பகலில் கொட்டியது. நாற்பது வாட் டியூப், சோக்கோடு சேர்த்து ஐம்பதுக்கு மேல் இழுக்கும். ஒரு பகல் முழுக்க எரிந்தால் ஒரு கம்பத்துக்கு அரை யூனிட்டுக்கு மேல் தண்டம்.

சாவி காண்ட்ராக்டரிடம். காண்ட்ராக்டர் திருச்செங்கோட்டில். கடைசியில் ஓய்வு பெற்ற அண்ணனைத்தான் கூப்பிட்டார்கள். அவர் பூட்டைச் சுத்தியலால் தட்டித் திறந்து, டைமரைத் தொடாமல் அதன் பின்னாலிருந்து ஒரு வயரை எடுத்துப் பழைய சுவிட்சில் கொண்டுபோய் முறுக்கினார். டைமர் அது பாட்டுக்கு உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது, யாரையும் தொந்தரவு செய்யாமல். தணிக்கைக்கு வந்தவர்கள் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு 'இயங்குகிறது' என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

டைமரே உதவாது என்று சொல்ல வரவில்லை. நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கும் என் சித்தப்பாவிடம் போய் அப்படிச் சொல்ல முடியாது. முட்டையிடும் கோழிக்கு ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் வெளிச்சம் வேண்டும் என்பது பண்ணைக்காரர்கள் கணக்கு. சூரியன் தருவது ஏறக்குறைய பன்னிரண்டு. மீதியை விடியலுக்கு முன்னும் பொழுது சாய்ந்த பின்னும் பல்பு தர வேண்டும். வளரும் பருவத்தில் வெளிச்ச நேரம் கூடக் கூடாது, முட்டையிட ஆரம்பித்தபின் குறையக் கூடாது; வளர்ப்புப் பாடத்தின் முதல் விதியே இதுதான். சித்தப்பா பண்ணையில் இரண்டு டைமர்கள், ஒன்றுக்கு ஒன்று துணை. பாட்டரி வைத்த ரகம். கரண்ட் போனால் ஜெனரேட்டர். தினமும் சாயங்காலம் கைக்கடிகாரத்தை டைமரின் பக்கத்தில் பிடித்து ஒத்துப் பார்ப்பார். ஈரத்துணியால் தூசியைத் துடைப்பார். அந்தப் பெட்டியைப் பார்க்கும் அக்கறையோடு அவர் தன் ரத்த அழுத்தத்தைப் பார்த்ததில்லை.

"ஊர் டைமரை யாருமே பார்க்க மாட்டேங்கறாங்களே சித்தப்பா, இது மட்டும் எப்படிங்க?" என்று கேட்டேன்.

"லைட்டு எரியலீன்னா மனுசன் என்ன பண்ணுவான் கண்ணு? நாலு வார்த்தை திட்டிப்போட்டுப் படுத்துக்குவான். கோழி முட்டையை நிறுத்திப்போடும்."

ஜனநாயகத்தைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஊரில் பிறகு சென்சார் வந்தது. இருட்டைக் கண்டால் தானே போடும், வெளிச்சத்தைக் கண்டால் அணைக்கும். கிட்டத்தட்ட அண்ணனேதான், அக்கா மகன் மட்டும் இல்லை. ஒரு கம்பத்தில் அதைத் தவறான பக்கம் திருப்பி மாட்டிவிட்டார்கள். விளக்கு எரிந்ததும் அதன் வெளிச்சமே சென்சாரின் முகத்தில் அடிக்கும். விடிந்துவிட்டது என்று அணைக்கும். இருட்டிவிட்டது என்று போடும். பழைய கடைசிக் கம்பத்தின் சிமிட்டல் ஒரு தலைமுறை கழித்து, அறிவியல் காரணத்தோடு திரும்பி வந்தது. இன்னொரு சென்சாரின் கண்ணை ஒரு காகம் எச்சமிட்டு மூடிவிட்டது. அந்தக் கம்பத்துக்கு மட்டும் இரவும் பகலும் ஒரே அமாவாசை. இப்போது எல்லாம் எல்.இ.டி. பகலில் எரிந்தாலும் செலவு பாதிக்கும் கீழே என்பதால் பகலில் எரிவதைப் பற்றி இருந்த குற்றவுணர்ச்சியும் பாதிக்கும் கீழே போய்விட்டது.

நகரத்தில் என் வாழ்க்கை வேறு விதமான டைமர்களால் ஆளப்படுகிறது. அடுக்குமாடியில் படிக்கட்டு விளக்குக்குப் பொத்தான்: அழுத்தினால் இரண்டு நிமிஷம். இரண்டாவது மாடிவரை இளைஞர்களுக்கு அது போதும். நாலாவது மாடிப் பெரியவர் மூன்றாவது தளத்தில் மூச்சு வாங்க நிற்பார் என்பதைப் பொத்தானைத் தேர்வு செய்த குழு கணக்கில் எடுக்கவில்லை. அந்தக் குழுவின் தலைவர் அவர்தான். நான் வேலை பார்த்த ஆபீஸில் கழிவறைக்கு அசைவு சென்சார். சூடான உடம்பு அசைந்தால் அதற்குத் தெரியும்; அசையாமல் உட்கார்ந்தால் ஆளே இல்லை என்று முடிவு கட்டி அணைத்துவிடும். அந்த இடத்தில் மனிதன் எதற்காக அசைய வேண்டும்? இருட்டில், கதவுக்கு அந்தப் பக்கம் துப்பாக்கியோடு யாரோ நிற்பதுபோல் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டிய பெரிய அதிகாரிகள் எத்தனை பேர் என்று கணக்கெடுக்க வழியில்லை. யாரும் வெளியே வந்து சொல்வதில்லை.

பெங்களூரிலிருந்து மகன் வாங்கி வந்தது ஸ்மார்ட் பல்பு. போனில் நேரம் வைத்தால் தானே எரியும். நேரம்கூட வேண்டாம், நாம் இருக்கும் இடத்தைச் சொன்னால் அன்றைக்கு சூரிய அஸ்தமனம் எப்போது என்று கணக்கிட்டு எரியும் என்றான். கேட்டதும் எனக்கு மரியாதை வந்துவிட்டது. அப்புறம்தான் நிபந்தனைகள். வைஃபை வேண்டும். அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸ், எங்கள் வீட்டில் இருக்கும் 5 அதற்கு ஆகாது. எல்லாவற்றுக்கும் மேல், சுவரில் இருக்கும் சுவிட்ச் எப்போதும் ஆனில் இருக்க வேண்டும். அதை யாராவது அணைத்துவிட்டால் பல்புக்கு போனும் கேட்காது, அஸ்தமனமும் தெரியாது.

இங்கேதான் என் மனைவி. அறையை விட்டு வெளியே வந்தால் சுவிட்சை அணைக்க வேண்டும் என்று வளர்க்கப்பட்டவர். அவருடைய அப்பா ஒருமுறைகூட இருமியதில்லையாம், நேராக மெயினுக்கே போய்விடுவாராம். ஸ்மார்ட் பல்பு வந்த முதல் வாரம் முழுக்க ஒவ்வொரு சாயங்காலமும் அறை இருட்டாகவே இருந்தது. மகன் சுவிட்ச் மேல் செலோடேப் ஒட்டி, 'தொடாதீர்கள்' என்று எழுதிவைத்துவிட்டுப் போனான். போட்டு அணைக்கவென்றே கண்டுபிடித்த ஒரு பொருளைத் தொடாதே என்று எழுதிவைத்து நடக்கும் வீடு இப்போது எங்களுடையது. "லைட்டைப் போடு" என்று வாயால் சொன்னாலும் எரியும் என்றார்கள். என் உச்சரிப்புக்கு அது ஒரு பாட்டைப் போட்டது. அதை நிறுத்தச் சொல்ல, மகனுக்கு வீடியோ கால் போட வேண்டியிருந்தது.

அதனால் போன மாதம் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பொது விளக்குகளுக்கு என்ன செய்வது என்ற விவாதம் வந்தபோது நான் வாயைத் திறக்கவில்லை. ஏற்கெனவே ஒரு டைமர் இருக்கிறது. ஆடியிலும் கார்த்திகையிலும் அதே ஆறேகால். ஒருவர் சென்சார் என்றார். ஒருவர் அட்சரேகை, தீர்க்கரேகை வைத்துத் தானே அஸ்தமனத்தைக் கணக்கிடும் டைமர் இருக்கிறது என்று விலையோடு சொன்னார்; விலையைக் கேட்டதும் அஸ்தமனம் அவ்வளவு முக்கியமில்லை என்று பலருக்குத் தோன்றியது. ஒருவர் கிளவுடு என்றார், இன்னொருவர் மழைக்காலத்தைச் சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டினார். ஒன்றரை மணி நேரம் கழித்துத் தீர்மானம் நிறைவேறியது: டைமரைக் கழற்றுவதில்லை, ஆனால் அதை நம்புவதுமில்லை. இருட்டியதும் கீழே இருக்கும் செக்யூரிட்டி அண்ணன் பார்த்து விளக்கைப் போடுவார், காலையில் அணைப்பார். அதற்கு மாதம் முந்நூறு ரூபாய்.

"இருட்டிருச்சான்னு அவர் எப்படி முடிவு பண்ணுவார்?" என்று மூன்றாவது மாடிக்காரர் விடாமல் கேட்டார். அவருக்குத் தீர்மானத்தில் நேரம் குறிப்பிட்டிருக்க வேண்டும்.

செக்யூரிட்டி அண்ணனையே கூப்பிட்டுக் கேட்டோம். அவர் தூத்துக்குடிப் பக்கம். தொப்பியைக் கழற்றிக் கொஞ்சம் யோசித்தார்.

"கேட்டுல வர்ற ஆளு மூஞ்சி தெரியலன்னா போட்டுருவேன் சார்."

பொருளாளர் அதை அப்படியே நடவடிக்கைக் குறிப்பில் எழுதினார். முந்நூறு ரூபாயை மட்டும் எந்தத் தலைப்பில் போடுவது என்று அவருக்குக் குழப்பம். சம்பளத்தில் போட்டால் பி.எஃப். கேட்பார்கள், மின்செலவில் போட்டால் தணிக்கையாளர் பில் கேட்பார். கடைசியில் 'டைமர் பராமரிப்பு' என்று போட்டுக்கொண்டார்.